கேளாததையும் சொல்ல வேண்டுமா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை. அஸர் தொழுகை முடிந்து திருப்பத்தூர்ப் பள்ளிவாசல் ஒன்றின் ஹவுளருகே அமர்ந்திருந்தேன். முன்னொரு காலத்தில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து, சலாம் கூறி எதிரே அமர்ந்தார். இப்போது நாற்பதைக் கடந்தவர். ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் பட்ட கடன் கழுத்தை நெரிப்பதை முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அன்று அவர் முகத்தில் சற்றே தெளிவு தெரிந்தது.

அவருடைய பாட்டனார் சிறிய தோல் ஷாப் ஒன்று வைத்திருந்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகள் வற்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அந்தக் கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போர்த்திய பழைய மாரிஸ் மைனர் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் படங்களைக் கைப்பேசி வழியாகக் கண்ட இங்கிலாந்து நாட்டவர் ஒருவர் அதை வாங்க முன்வந்திருக்கிறார். உள்ளூரில் கிடைக்கும் விலையைப்போல் இரண்டு மடங்கு தருவதாகவும் எழுதியிருக்கிறார்.

“ஹஜ்ரத், வாங்குபவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் உண்மையே எழுதிவிட்டேன். ஆனால் அவர் கேளாதது ஒன்றிரண்டு இருக்கிறது. அதையும் நானாகச் சொல்ல வேண்டுமா? கேட்கத் தவறியது அவர் குற்றந்தானே?” என்றார்.

கேள்வி சிறியதுதான். ஆயினும், அன்றிரவு கிதாபுகளைப் புரட்டப் புரட்ட அது பெரிதாகிக்கொண்டே போயிற்று. கடைவீதியில் எதிரே நிற்பவனிடம் பொய் சொல்லக் கூடாதென்பது குழந்தைக்கும் தெரியும். கடலுக்கு அப்பால் இருப்பவனிடம், முகம் காணாதவனிடம், இனி ஒருபோதும் சந்திக்கப் போகாதவனிடம் எவ்வளவு உண்மை கடன்? இதைப் பற்றித்தான் வாசகர்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

கேளாதவை எவை?

முதலில், அவர் மறைக்க நினைத்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1948-ஆம் ஆண்டு இலண்டன் கார்க் கண்காட்சியில் வெளியானது மாரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்தது. தொடக்கத்தில் வந்த கார்களில் முன்விளக்குகள் தாழ்வாக, முகப்புக் கம்பிச் சட்டத்தின் இரு பக்கங்களிலும் பதிந்திருக்கும். சில ஆண்டுகளில் அவற்றை மேலே ஏற்றிவிட்டார்கள். பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான கார் அது. ஆயினும் அந்தத் தாழ்ந்த விளக்குக் கார்களுக்கே சேகரிப்பாளரிடம் தனி மதிப்பு. நம் மாணவர் வீட்டுக் கார் அந்த வகையைச் சேர்ந்தது.

ஆனால் அதனுள் இருப்பது அதன் சொந்த எஞ்சின் அன்று. பழைய எஞ்சின் பழுதாகி, மாற்றுப் பாகம் கிடைக்காத காலத்தில், வேலூர் மெக்கானிக் ஒருவர் பிற்கால எஞ்சினைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார். அடித்தளத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடங்களில் புதுத் தகடு வைத்து, மேலே தார் பூசி, அதற்கு மேல் விரிப்பும் போட்டாயிற்று. படம் எடுத்தபோது விரிப்பை யாரும் தூக்கவில்லை.

மூன்றாவதொன்றும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் காரின் ஆண்டு 1951. அது பாட்டனார் பெயருக்குக் கார் மாறிய ஆண்டு. சேசிஸ் எண்ணை ஆராய்ந்த இங்கிலாந்துக்காரரோ, இது 1949-இல் செய்யப்பட்டது என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறார். இவரும் ஆம் என்று பதில் எழுதிவிட்டார். ஆனால் கப்பலில் ஏற்றிவிடும் தரகர், “ஆபீசில் 1951 என்றே இருக்கட்டும், 1949 என்று வாய் திறக்காதீர்கள்” என்று சொல்லிவைத்திருக்கிறார். வாங்குபவருக்கு ஒரு பிறந்த ஆண்டு; அரசாங்கத்துக்கு இன்னொரு பிறந்த ஆண்டு!

பொருள் யாருடையது?

அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லுமுன், அவர் கேளாத ஒன்றை நான் கேட்டேன்: “கார் யாருடையது?”

“பாட்டனாருடையது. அவர் காலத்துக்குப் பின் அத்தாவின் பொறுப்பில் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது.”

“பாட்டனாரின் சொத்துப் பிரிக்கப்பட்டதா?”

வீடும் நிலமும் பிரித்தார்களாம். காரைப் பற்றி எவரும் பேசவில்லையாம். பாட்டனாருக்கு ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் இருவர். பாட்டியார் முன்பே காலமானவர். அப்படியானால் பாகப்பிரிவினைச் சட்டப்படி காரை ஆறு பங்காக்கினால் ஆண்மக்களுக்கு இவ்விரண்டு, பெண்மக்களுக்கு ஒவ்வொன்று. இவருடைய தந்தையாரின் இரண்டு பங்கும் அவருடைய வாரிசுகள் அனைவரையும் சேரும். இவர் தனியே உரிமை கொண்டாடத்தக்கது அதில் ஒரு கூறு மட்டுமே. துடைத்து வைத்ததாலும், தார்ப்பாய் போர்த்தியதாலும், செலவு செய்ததாலும் உடைமை மாறிவிடாது. செய்த செலவைப் பங்காளிகளிடம் சொல்லி, அவர்கள் மனமுவந்து கொடுத்தால் பெற்றுக்கொள்ளலாம், அவ்வளவே.

அவருடைய பெரிய மாமி, அதாவது அத்தாவின் மூத்த சகோதரி, பாலாற்றுக்கு அப்பால் பேரணாம்பட்டில் இருக்கிறார். இளையவர் திருப்பத்தூரிலேயே நான்கு தெரு தள்ளி இருக்கிறார். கடல் கடந்தவனிடம் எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று கேட்க வந்தவர், ஆற்றைக் கடந்தும் தெருவைக் கடந்தும் இருந்த உரிமையாளர்களிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. இஃது அவர் ஒருவர் குற்றம் அன்று. நம் குடும்பங்களில் வீடு, நிலம் என்றால் பத்திரம் எழுதும்போதாவது பெண்மக்களின் கையொப்பம் நினைவுக்கு வருகிறது. பீரோ, கடிகாரம், வாகனம், பாத்திரம் என்றால் யார் கையில் இருக்கிறதோ அவருடையது என்று விட்டுவிடுகிறோம். இறைவன் பின்னமிட்டு வகுத்த பங்கை மௌனத்தால் அழிக்கிறோம். மௌனத்தின் முதல் தீமை வாணிகத்தில் அன்று, வீட்டிலேயே தொடங்குகிறது என்பதை அன்று கண்டேன்.

காணாத பொருளின் வாணிகம்

தொலைவிலுள்ள பொருளைக் காணாமல் விற்பதும் வாங்குவதும் புதிய செய்தி அன்று. உதுமான் (ரலி) அவர்கள் இராக்கில் இருந்த தம் நிலம் ஒன்றைத் தல்ஹா (ரலி) அவர்களுக்கு விற்றார்கள். விற்றவரும் அந்நிலத்தைப் பார்த்ததில்லை, வாங்கியவரும் பார்த்ததில்லை. இருவரிடமும் மக்கள் போய், உங்களுக்கு நட்டம் என்றார்கள். பார்க்காமல் வாங்கியதால் விலகும் உரிமை எனக்குண்டு என்றார் ஒருவர். பார்க்காமல் விற்றதால் அவ்வுரிமை எனக்குண்டு என்றார் மற்றவர். நடுவராக அமர்ந்த ஜுபைர் இப்னு முத்யிம் (ரலி) அவர்கள், அவ்வுரிமை வாங்கியவர்க்கே உரியது என்று தீர்ப்பளித்தார்கள்.

ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் இந்நிகழ்ச்சியின் மீது ஒரு விதியையே எழுப்பியிருக்கின்றன. காணாத பொருளை விற்பது செல்லும். ஆனால் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ வாங்கியவருக்கு உரிமையுண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தொடக்கத்தில் விற்றவருக்கும் அவ்வுரிமை உண்டென்று கருதிப் பின்னர் அக்கருத்தை விட்டுவிட்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபிலோ விதி இன்னும் கடுமையானது. காணாத பொருளின் விற்பனையே செல்லாது என்பதே அங்கு வலுவான கருத்து. இரு மத்ஹபுகளும் அஞ்சுவது ஒன்றைத்தான்: அறியாமை. ஒருவனுடைய அறியாமையை மற்றவன் தன் இலாபமாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

படம் அனுப்பினோமே, அது பார்த்ததற்குச் சமமன்றோ என்று சிலர் கேட்கலாம். படம் காட்டுவது, எடுத்தவன் எந்தப் பக்கம் திரும்பினானோ அந்தப் பக்கத்தை மட்டுமே. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கடிந்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அந்த வணிகரை எவரும் எதுவும் கேட்டதாகச் செய்தியில் இல்லை. அவர் பொய் சொன்னதாகவும் இல்லை. காய்ந்தது மேலே இருந்தது, நனைந்தது கீழே இருந்தது, குற்றம் அவ்வளவே. காரின் விரிப்புக்கு அடியில் இருந்த தகடும் அப்படித்தான்.

நம் தமிழ் மண்ணிலும் இந்த எண்ணம் அயலானதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகக் கருதி, விலையை ஒளிக்காமல் சொன்னார்கள் என்று பட்டினப்பாலை சிறப்பிக்கிறது. வள்ளுவர் வணிகரின் கடமையை நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார். கடல் வழியே வாகனம் விற்றதும் இங்குப் பழைய கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள், ஒன்று 220 பொற்காசு வீதம், அனுப்ப உடன்பாடு இருந்ததாக வஸ்ஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாம். அலைகடலின் ஆபத்தை யார் தாங்குவது என்பதைக்கூட முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசி முடித்திருக்கிறார்கள். பேசி முடித்த ஆபத்து ஒப்பந்தமாகிறது. பேசாமல் ஒளித்த ஆபத்து மோசடியாகிறது.

குறை என்பது எது?

மாணவர் விடவில்லை. “எஞ்சினை மாற்றியது குறையா, ஹஜ்ரத்? இந்த எஞ்சின் பழையதைவிட நன்றாக இழுக்கிறது. எங்கள் ஊரில் கேட்டால் இதை மேம்பாடு என்றே சொல்வார்கள்.”

நல்ல வாதம், விடையும் நல்ல இடத்தில் இருக்கிறது. எது குறை என்பதற்கு நம் ஃபிக்ஹு அறிஞர்கள் கூறிய இலக்கணம், அந்தப் பொருளை வியாபாரம் செய்வோரின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்கிறதோ அதுவே குறை என்பது. அதாவது குறையை முடிவு செய்வது என் விருப்பமும் அன்று, என் ஊர் வழக்கமும் அன்று. அந்தச் சந்தையின் வழக்கம். இந்த உண்மை நம் வட்டாரத்தாருக்கு விளக்கித் தெரிய வேண்டியதன்று. உண்ணி கடித்த வடுவோ கத்தி வெட்டோ உள்ள ஆட்டுத்தோல், பை தைப்பவனுக்குப் பெரிய பொருட்டில்லாமல் இருக்கலாம். உயர்ந்த காலணி தைப்பவனுக்கு அது கழிவு. தோலைத் தரம் பிரிப்பவர் தம் கண்ணால் பார்ப்பதில்லை, வாங்குபவனின் கண்ணால் பார்க்கிறார். அதே கண்ணைக் காருக்கும் கடன் கேட்கிறேன். ஓட்டிப் போக வாங்குபவனுக்கு எஞ்சின் மாற்றம் நன்மை. மூலநிலையைத் தேடி வாங்குபவனுக்கு அதுவே பெருங்குறை. வாங்குபவர் எதைத் தேடுகிறார் என்பது விளக்குகளைப் பற்றி அவர் கேட்ட கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தபின் நம் ஊர் வழக்கத்தின் பின்னால் ஒளிவது நேர்மையாகாது.

இங்கே தத்துவக் கேள்வி ஒன்று குறுக்கிடுகிறது. பாகங்கள் ஒவ்வொன்றாக மாறிய பொருள் அதே பொருள்தானா? தீசியஸின் கப்பலில் பழைய பலகைகளை எடுத்துவிட்டுப் புதியன வைத்துக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பலா என்று ஏதென்ஸ் நகரத்து அறிஞர்கள் வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதினார். கார் வாணிகத்திலேயே இக்கேள்வி நீதிமன்றம் ஏறியதுண்டு. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார் ஒன்றை, 1990-இல் ஜப்பானியர் ஒருவருக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு ஒரு கோடி பவுனுக்கு விற்க உடன்பாடாயிற்று. பந்தயத்தில் ஓடிய காரின் பாகங்கள் இதில் ஏறக்குறைய இல்லை. எனவே இஃது அந்தக் கார் அன்று என்று வாங்கியவர் மறுத்தார். பந்தயங்களிலும் விபத்திலும் அடிபட்டுப் பலமுறை மாற்றிக் கட்டப்பட்ட கார் அது. இலண்டன் நீதிபதி ஒவ்வொரு பாகத்தின் கதையையும் விசாரித்தபின், அறுபடாத வரலாறு உள்ளமையால் அதன் பழைய பெயர் அதற்கே உரியது என்று விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார்.

நான் அத்தீர்ப்பை ஏற்கிறேன். நம் பழைய பள்ளிவாசல்களில் கூரை மாறியிருக்கிறது, தூண் மாறியிருக்கிறது, தரை மாறியிருக்கிறது. ஆனாலும் வக்ஃபு செய்த பள்ளி அதுவேதான். ஒரு பொருளை அப்பொருளாக்குவது இரும்பு மட்டுமன்று. அதன் தொடர்ந்த வரலாறும்கூட. ஆனால் இதிலிருந்து எழும் கடமையையும் மறக்கக் கூடாது. வரலாறுதான் பொருளின் உயிர் என்றால், அதில் ஓர் ஏட்டைக் கிழித்துவிட்டு விற்பவன் அப்பொருளையே சிதைத்து விற்கிறான். வேலூர் மெக்கானிக் எஞ்சின் மாற்றிய கதை அந்தக் காரின் ஒரு பகுதி. அதையும் சேர்த்தே விற்க வேண்டும்.

‘உள்ளது உள்ளபடி’

“அப்படியானால், உள்ளது உள்ளபடி விற்கிறேன், பின்னர் எக்குறைக்கும் நான் பொறுப்பில்லை என்று எழுதிவிட்டால் என்ன?” இது மாணவரின் அடுத்த கேள்வி.

நம் மத்ஹபில் அப்படி நிபந்தனையிட்டு விற்பது சட்டப்படி செல்லும். ஆனால் சட்டம் செல்லுபடியாக்கிய இடத்திலும் உள்ளம் தயங்கிய நிகழ்ச்சி ஒன்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. அடிமை முறை வழக்கில் இருந்த காலம் அது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்னும் நிபந்தனையுடன் விற்றார்கள். வாங்கியவர், நோய் ஒன்றைச் சொல்லவில்லை என்று முறையிட்டார். குறையை அறியாமல்தான் விற்றேன் என்று சத்தியம் செய்யும்படி கலீஃபா உதுமான் (ரலி) அவர்கள் கேட்டார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து, விற்றவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நிபந்தனை எழுதியிருந்தும், கலீஃபா அறிய விரும்பியது ஒன்றுதான்: உமக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாத குறைக்கு அந்த நிபந்தனை நியாயமான காப்பு. தெரிந்த குறைக்கு அது போர்வை.

எந்த மௌனம் ஆகும்?

எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? இல்லை. வரம்பு இல்லாத கடமை எவராலும் நிறைவேற்ற முடியாத கடமை. இன்னொருவர் இதற்குக் குறைந்த விலை கேட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பணமுடை இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. என் மனத்திலுள்ள கடைசி விலையைச் சொல்ல வேண்டியதில்லை. சந்தை விலை என்பது இருவரும் விசாரித்து அறியக்கூடியது. ஆனால் விற்பவன் மட்டுமே அறிந்த, வாங்குபவன் அங்கிருந்தபடி அறிய வழியில்லாத, அறிந்தால் விலையை மாற்றக்கூடிய செய்தி எதுவோ, அது கேட்டாலும் கேளாவிட்டாலும் சொல்லப்பட வேண்டியது. இந்த மூன்று அடையாளங்களும் எஞ்சினுக்கும் பொருந்துகின்றன, துருவுக்கும் பொருந்துகின்றன.

“வாங்குபவர் பெரிய வியாபாரியாக இருக்கலாம், அங்கே இது எவ்வளவுக்குப் போகும் என்பதை அவரும் மறைக்கிறாரே?” என்றார் மாணவர். மறைக்கலாம். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் குதிரை ஒன்றை வாங்கியபோது, விற்றவர் கேட்டது 300 திர்ஹம். இது மேலும் பெறும் என்று தாமே சொல்லிச் சொல்லி 800 வரை உயர்த்திக் கொடுத்தார்கள். அது நீதியைக் கடந்த இஹ்ஸான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வாணிகத்தில் நீதி ஒரு படி, இஹ்ஸான் அதற்கு மேற்படி என்று பிரித்துக் காட்டுகிறார்கள். எதிரி மேற்படியில் ஏறவில்லை என்பதற்காக நாம் கீழ்ப்படியிலிருந்தும் இறங்க வேண்டுமா? ஏமாற்றாமல் இருப்பது நம் பங்கு. அது அவருடைய நடத்தையைப் பொறுத்ததன்று. விலை தெரிய வேண்டுமானால் நாலு பேரிடம் விசாரிக்கட்டும்; அதை எவரும் தடுக்கவில்லை.

அவர் அயல்நாட்டார், நம் மார்க்கத்தாரும் அல்லர் என்று மெல்லிய குரலில் சொல்வோரும் உண்டு. ஹிஜ்ரத்து இரவில் தம்மைக் கொல்லத் திட்டமிட்ட ஊராரின் அமானிதப் பொருள்களை அவரவரிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றவரின் சமூகம் நாம். இதற்குமேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

நாட்டை விட்டுப் போகலாமா?

இனி, அந்த இரண்டு பிறந்த ஆண்டுகள். சமஸ்தான மன்னர்கள் மானியம் இழந்து, அரண்மனைக் கார்களை விற்ற காலம் ஒன்றிருந்தது. அவற்றுள் பல கடல் கடந்தன. அதன் விளைவாகவே, 1950 சனவரி முதல் தேதிக்கு முன் செய்யப்பட்ட பழங்காலக் கார்களையும் அவற்றின் பாகங்களையும் உரிமம் இன்றி ஏற்றுமதி செய்யலாகாது என்னும் கட்டுப்பாடு நம் நாட்டில் வழங்கிவருகிறது. 1949 என்றால் கட்டுப்பாட்டுக்குள். 1951 என்றால் வெளியே. தரகர் சொன்னதன் பொருள் இதுதான்.

கார்கள் வெளிநாடு போவதில் என்ன கேடு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வியில் நியாயமும் உண்டு. 1910-இல் கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஒருவர் அன்னப்பறவை வடிவில் கார் ஒன்றைச் செய்வித்தார். பின்னர் அது நாபா மன்னர் குடும்பத்துக்குச் சென்றது. 1991-இல் நெதர்லாந்து நாட்டு லௌமன் அருங்காட்சியகத்தார் அதை வாங்கிப் புதுப்பித்தார்கள். இன்று உலகமே வந்து பார்க்கிறது. நம் வீட்டுப் பரண்களில் கறையான் அரித்துப்போன அரபுத்தமிழ் ஏடுகளை நினைக்கும்போது, எங்கேனும் ஒரு நூலகத்தில் அவை பிழைத்திருந்தால் போதுமே என்று எனக்கும் தோன்றியதுண்டு. மறுபுறம், இராஜ்கோட் மன்னருக்காக 1934-இல் செய்யப்பட்ட ‘இந்திய நட்சத்திரம்’ என்னும் ரோல்ஸ் ராய்ஸ் கார், பல பத்தாண்டுகள் அயல்நாட்டில் இருந்தபின், 2010-இல் ஏலத்திற்கு வந்தபோது அவ்வரச குடும்பத்தாரே அதை மீட்டு வாங்கினார்கள். போனதை மீட்கப் பொன் வேண்டும். அது எல்லார் வீட்டிலும் இராது.

நம் தோல் வட்டாரம் இதை வேறு வடிவில் கண்டது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்டுப் பொருளாக்கி அனுப்புங்கள் என்றது. அன்று முணுமுணுத்தவர் பலர். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் வழியேதான் இந்த ஊர்களில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. நம் மாணவர் சம்பளம் வாங்குவதும் அப்படி ஒன்றில்தான். எது நாட்டை விட்டுப் போகலாம், எந்த நிலையில் போகலாம் என்று வரையறுக்கும் உரிமை பொதுச் சமூகத்துக்கு உண்டு. விதி பிடிக்காவிட்டால் விண்ணப்பிக்கலாம், வாதாடலாம். வயதைத் திருத்திக் கடத்துவது வாதம் ஆகாது. ஒரே காரை ஒருவருக்கு மூத்ததாகவும் இன்னொருவருக்கு இளையதாகவும் காட்டுபவன், இரண்டில் ஒருவரிடமாவது பொய்யனாகிறான்.

நடந்தது

மறுநாள் என் கருத்தை அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியதைக் கண்டு எனக்கும் வருத்தமாயிருந்தது. பிறர் கடனை நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்பது எளிது என்பதை அறியாதவன் அல்லன். இருந்தும் அவர் செய்தார். முதலில் மாமிமார் இருவரிடமும் சென்றார். பிறகு எஞ்சினையும் துருவையும் 1949-ஐயும் எழுதி, விரிப்பைத் தூக்கிப் படமும் எடுத்து அனுப்பினார். இங்கிலாந்துக்காரர் நன்றி தெரிவித்து, விலையைக் கணிசமாகக் குறைத்தார்; உரிமம் பெற்றுத் தந்தால் வாங்குவதாகவும் எழுதினார். உரிமத்துக்கு அலைய நம்மவருக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. கடைசியில் கோவைப் பக்கத்துச் சேகரிப்பாளர் ஒருவருக்கு, முதலில் பேசிய விலையில் பாதிக்கும் குறைவாக, அதே விவரங்களைச் சொல்லி விற்றார். மூலநிலை மாறாத ஐம்பதாண்டு வாகனங்களுக்கென 2021-இல் நம் நாட்டில் தனிப் பதிவு முறை வந்திருப்பதால், உள்நாட்டில் வாங்குபவருக்கும் எஞ்சின் கதை தெரிந்தாக வேண்டியிருந்தது.

வந்த தொகை ஆறு பங்காயிற்று. அவர் கைக்கு எஞ்சியது கடனில் ஒரு சிறு மூலையைத்தான் அடைத்தது. மீதிக் கடனை இன்னும் மாதாமாதம் கட்டிவருகிறார். உண்மை சொன்னால் உடனே இலாபம் வரும் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினால் நானும் விரிப்புப் போட்டவன் ஆவேன்.

பேரணாம்பட்டு மாமி தம் பங்கைப் பெற்றுக்கொண்டபோது, “வாப்பாவின் பொருளில் என்னைக் கேட்டு எதையும் விற்றது இதுதான் முதல் தடவை” என்றாராம். இதை மாணவர் என்னிடம் சொன்னபோது வெட்கத்தோடு சொன்னார். அவர் கேட்க வந்த கேள்வியைவிட அந்தச் சொல் எனக்கு நெடுநாள் காதில் நின்றது.

கண்ணுக்கு எதிரே இருப்பவனிடம் நம்மை நேர்மையாக வைத்திருப்பது பெரும்பாலும் வெட்கம். கடல் குறுக்கே வந்ததும் வெட்கம் விலகிவிடுகிறது. அப்போது எஞ்சியிருப்பது எவ்வளவோ, அவ்வளவுதான் நம் ஈமானின் எடை. நம் வீட்டுக் கொட்டகைகளிலும் பரண்களிலும் தார்ப்பாய் மூடிக் கிடப்பவற்றை ஒரு நாள் திறந்து பார்ப்போம். அவை எவர் எவருக்குரியவை என்று முதலில் எண்ணுவோம். விற்பதானால், விரிப்பைத் தூக்கிக் காட்டி விற்போம்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.